பசலையும் இரும்பும்

ஜெர்மனி நாட்டில் பதினாறாம் நூற்றாண்டில் யோஹானஸ் லாங்கே என்றொரு வைத்தியர் வாழ்ந்தார். அரண்மனை வைத்தியர் அவர். நண்பர்களுக்கு அவர் எழுதிய மருத்துவக் கடிதங்கள் 1554ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, மணப்பருவம் எய்திய மகளையுடைய ஒரு தந்தைக்கு எழுதப்பெற்றது. அப்பெண்ணின் கன்னங்களிலும் உதடுகளிலும் இருந்த சிவப்பு மறைந்துவிட்டது. முகம் இரத்தமற்று வெளிறிக் கிடந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. உணவின்மேல் வெறுப்பு, அதிலும் இறைச்சியைக் கண்டால் பெருவெறுப்பு. இரவில் கணுக்கால்கள் வீங்கின. பெண் கேட்டு வந்த செல்வர்களுக்கு என்ன விடை சொல்வது என்று தந்தை தவித்துக்கொண்டிருந்தார். லாங்கே நோயை மிக நுட்பமாகக் கண்டு எழுதியிருந்தார். அதற்கு அவர் சொன்ன மருந்துதான் வேடிக்கையானது. பெண்ணுக்கு விரைவில் மணம் முடித்து வைக்குமாறு அவர் அறிவுரை கூறினார்.

இதைக் கேட்டுத் தமிழ் மாணவர்கள் சிரிக்க வேண்டா. நம் அகப்பாடல்களில் தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் பசலை படர்கிறது, உணவு வேம்பாகிறது, தோள் மெலிந்து வளை கழல்கிறது. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பசலை என்பதெல்லாம் இரும்புச்சத்துக் குறைவே என்று சொல்லிப் புலவர் பெருமக்களின் பகையைத் தேடிக்கொள்ள நான் விரும்பவில்லை. எனினும் ஒன்றை மட்டும் சுட்டிக் காட்டலாம். இளம்பெண் ஒருத்தி வெளுத்துச் சோர்ந்திருந்தால் அவள் மனத்தில் ஏதோ ஏக்கம் புகுந்துவிட்டது என்று கருதும் வழக்கம் இங்கும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. அவள் தட்டில் என்ன விழுந்தது என்று பார்க்கும் வழக்கம் எங்கும் நெடுங்காலமாக இல்லை.

ஐரோப்பியர் அந்நோய்க்குப் பச்சை நோய் என்று பெயரிட்டனர். வெளிறிய மேனியில் இலேசான பசுமை கலந்து தோன்றியமையால், கிரேக்க மொழியில் பசுமஞ்சள் நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'குளோரோசிஸ்' என்ற பெயரும் அமைந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடனம் இரும்புத் தூளைத் திராட்சை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். அவருடைய நோயாளிகளின் முகம் சிவந்தது. 1832ஆம் ஆண்டில் பியேர் பிளோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இரும்பு உப்பினால் மாத்திரை செய்து தந்தார். பிளோவின் மாத்திரை ஐரோப்பா முழுவதும் பரவிற்று. ஆக, மருந்து கையில் இருந்தது. அது பயன் தந்ததும் கண்கூடு. ஆயினும் அறிஞர்கள் விடுவதாக இல்லை. தாவரத்திலோ விலங்கிலோ சேராத வெறும் இரும்பை உடல் ஏற்குமா என்ற ஐயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுத்தது. பேசல் நகரத்து வேதியியலறிஞர் பூங்கே என்பார் ஒரு கொள்கையை முன்வைத்தார். குடலில் ஐதரசன் சல்பைடு என்னும் வாயு உண்டாகி உணவிலுள்ள நல்ல இரும்பைக் கெடுத்துவிடுகிறது; மருந்தாகத் தரும் இரும்பு அவ்வாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வெளியேறுகிறதேயன்றி, அது இரத்தத்தில் சேர்வதில்லை என்பது அக்கொள்கை.

இவ்வழக்கைத் தீர்த்த முறை மாணவர்கள் ஊன்றிக் கேட்கத்தக்கது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரால்ஃப் ஸ்டாக்மன் 1893ஆம் ஆண்டில் தம் சோதனைகளை வெளியிட்டார். சில பெண்களுக்கு அவர் இரும்பைத் தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தினார். குடலையே தொடாத அந்த இரும்பு நோயைத் தீர்த்தது. வேறு சிலருக்கு ஏற்கெனவே சல்பைடாக மாறிவிட்ட இரும்பைக் கொடுத்தார். அது மேலும் எந்த வாயுவையும் ஏற்க இயலாது. எனினும் நோய் தீர்ந்தது. பின்னர், அவ்வாயுவை ஏற்கவல்லதும் இரும்பு சிறிதும் இல்லாததுமான பிஸ்மத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தீரவில்லை. மூன்றே சோதனைகளில் பூங்கேயின் கொள்கை வீழ்ந்தது. 1895ஆம் ஆண்டில் அதே ஸ்டாக்மன் மக்கள் உண்ணும் உணவில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அளந்தார். பச்சை நோய் கண்ட பெண்கள் உண்டது மிகக் குறைவு. அவ்வுணவில் இருந்த இரும்போ அதனினும் குறைவு. வளர்ச்சியும் மாதவிலக்கும் இரும்பைக் கேட்கும் வயதில் தட்டு வெறுமையாக இருந்தது. முந்நூற்று நாற்பது ஆண்டுகளாக ஏக்கம் என்றும் காதல் என்றும் சொல்லப்பட்டதன் விளக்கம் இவ்வளவுதான்.

இனி, அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். நம் இரத்தத்தில் மிதக்கும் செவ்வணுக்களுக்குள் ஈமோகுளோபின் என்ற செம்பொருள் இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்று உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. அதன் நடுவே இரும்பு அமர்ந்திருக்கிறது. வளர்ந்த மனிதர் உடலில் உள்ள இரும்பு முழுவதையும் திரட்டினாலும் 3 அல்லது 4 கிராம்தான் தேறும். ஓர் ஆணிக்குப் போதும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இரத்தத்திலேயே உள்ளது. ஒரு செவ்வணு ஏறக்குறைய 120 நாள் உழைத்து மடிகிறது. மடிந்த அணுவின் இரும்பை உடல் வீணாக்குவதில்லை. சிக்கனமான குடும்பத்தலைவியைப்போல் எடுத்து வைத்துப் புதிய அணுக்களுக்குப் பயன்படுத்துகிறது. ஆகவே நாள்தோறும் நாம் இழப்பது மிகச் சிறிதே. தோலும் குடலின் உட்சுவரும் உதிர்வதால், 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு நாளில் இழக்கும் இரும்பு ஏறக்குறைய 0.7 மில்லிகிராம்.

பூப்பெய்திய பெண்ணுக்கு இதனோடு இன்னும் இரு செலவுகள் சேர்கின்றன. மாதவிலக்கில் சராசரியாக 35 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது என்று கொண்டால், அதில் ஏறக்குறைய 15 மில்லிகிராம் இரும்பு இருக்கும். முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு அரை மில்லிகிராம். வளரும் உடலில் இரத்தமும் தசையும் பெருகுவதற்கு ஏறக்குறைய 0.3 மில்லிகிராம் வேண்டும். மொத்தம் ஒன்றரை மில்லிகிராம். இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். இடர்ப்பாடு எங்கே என்றால், தானியத்தையும் பருப்பையும் முதன்மையாகக் கொண்ட நம் உணவில் நூறு பங்கு இரும்பு இருந்தால் உடல் எடுத்துக்கொள்வது 8 பங்கு அளவே. ஒன்றரை மில்லிகிராம் உடலிற் சேர 19 மில்லிகிராம் உண்ணவேண்டும். இரத்தப்போக்கு மிகுதியாக உள்ள பெண்களையும் விட்டுவிடாமல் இருக்கும்பொருட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் 16 முதல் 18 வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் என்று அளவு வகுத்தது. அதே வயது ஆண்களுக்கு 26.

நம் வீட்டுத் தட்டில் என்ன இருக்கிறது? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் உள்ள இரும்பு ஒரு மில்லிகிராமில் மூன்றில் இரண்டு பங்கே. நாளெல்லாம் 300 கிராம் அரிசியைச் சமைத்து உண்டாலும் 2 மில்லிகிராம். சாம்பாரில் விழும் 50 கிராம் துவரம்பருப்பு இன்னும் 2 தரும். காய்கறியும் தாளிதமும் சேர்ந்து மேலும் 2 அல்லது 3 தரலாம். வயிறு நிறைந்துவிடும், கணக்கு 7ஐத் தாண்டாது. வேண்டியது 19 என்பதை மறந்துவிடாதீர்கள். பசி என்பது வேறு, பற்றாக்குறை என்பது வேறு என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பசித்திருப்பவள் கேட்பாள், வயிறு நிறையச் சோறுண்டு இரும்பின்றி இருப்பவளுக்குக் கேட்கவேண்டும் என்றே தோன்றாது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேரிடம் இரத்தசோகை கண்டது. 2015–16இல் அது 54 ஆக இருந்தது. விரல் நுனியில் குத்தியெடுக்கும் துளியைக் கொண்டு அளந்தால் எண்ணிக்கை மிகுந்து காட்டும் என்று வாதிடுவோரும் உண்டு. 2016 முதல் 2018 வரை சிரையிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்த மற்றோர் ஆய்வில் 10 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 என்றே வந்தது. எதை நம்புவது என்று அறிஞர்கள் வழக்காடட்டும். என் கண்ணில் படுவது வேறு. அவ்வாய்வில் அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 18 பேருக்கே சோகை இருந்தது. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே பானைச் சோறு. பிள்ளைக்கு ஒரு பங்கு சோகை என்றால் பெண்ணுக்கு இரு பங்குக்கும் மேல்.

இவ்வேறுபாட்டில் இயற்கையின் பங்கு உண்டு; அதை மேலே கணக்கிட்டோம். ஆனால் அடுக்களையின் பங்கும் சிறிதன்று. எத்தனையோ வீடுகளில் ஆண்கள் உண்டு எழுந்தபின் பெண்கள் அமர்வது இன்னும் வழக்கமாக உள்ளது. குழம்பின் மேலிருக்கும் மீனும் கறியும் முதற் பந்தியில் போய்விடும். அடியில் நிற்கும் சாறு இரண்டாம் பந்திக்கு. எவரும் கொடுமை செய்வதாக எண்ணிச் செய்வதில்லை. தாய்மாரே அன்போடு செய்கின்றனர், தங்களையும் அவ்வரிசையின் கடைசியில் நிறுத்திக்கொண்டு. நம் முன்னோர் பெண்ணின் பூப்பை உணவோடு சேர்த்தே எண்ணினர் என்பதையும் இங்கே கூறவேண்டும். பெண் வயதுக்கு வந்தால் உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் முட்டையுமாகக் கொடுத்துப் போற்றுவர். அருமையான வழக்கம். மாமன் சீர் வந்து சேர்ந்து, பந்தல் பிரித்த பின் அவ்வுபசாரம் நின்றுவிடுகிறதே என்பதுதான் என் மனக்குறை. இரும்பின் தேவை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள் தொடர்கிறது.

அரசின் ஏற்பாடுகளிலும் இத்தகைய இடைவெளி ஒன்று உண்டு. 1956இல் காமராசர் காலத்தில் பரவிய பகலுணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 2022இல் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் காலையுணவும் வந்தது. நாடே நம்மைப் பார்த்துக் கற்ற செயல்கள் இவை. ஆயினும் பத்தாம் வகுப்பைக் கடந்து பதினோராம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் பெண், தேவை உச்சத்தை எட்டும் வயதில் பள்ளிச் சத்துணவை இழக்கிறாள். கல்லூரி மாணவியரிடம் காலையில் என்ன உண்டீர்கள் என்று நான் கேட்பதுண்டு. பேருந்துக்கு நேரமாகிவிட்டது, தேநீர் மட்டும் குடித்தேன் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. உடல் மெலிவே அழகு என்று எண்ணி வேண்டுமென்றே உணவைத் தவிர்ப்போரும் இப்போது பெருகியுள்ளனர்.

தேநீர் என்றவுடன் ஒன்று சொல்லவேண்டும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு விடாது. உணவோடு சேர்த்துத் தேநீர் பருகினால் உடலிற் சேரும் இரும்பு பாதிக்குமேல் குறைந்துவிடுகிறது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டால் இக்கேடு பெரிதும் நீங்கும். இதற்கு நேர்மாறாக, வைட்டமின் சி இரும்பைக் கரைத்து உடலுக்குள் அழைத்துச் செல்கிறது. ஐதராபாத்து ஆய்வாளர்கள், அரிசிச் சோற்று உணவோடு கொய்யாப்பழத்தையும் வளரிளம் பருவத்தினருக்குக் கொடுத்து அளந்தனர். 2013இல் வெளியான அம்முடிவின்படி, கொய்யா சேர்ந்தபோது உடல் ஏற்ற இரும்பு இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. உணவு மாறவில்லை, இரும்பும் கூடவில்லை, ஒரு பழம் பக்கத்தில் வந்து அமர்ந்தது, அவ்வளவே. நெல்லிக்காயும் எலுமிச்சையும் இதே வேலையைச் செய்யும். எலுமிச்சையைக் கொதிக்கும் குழம்பில் பிழியாமல், இறக்கிய பின் பிழிவது நன்று. வைட்டமின் சி கொதியைத் தாங்காது.

தானியங்களிலும் மாற்றம் செய்ய இடமுண்டு. கம்பு 100 கிராமில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளது. கேழ்வரகில் நான்கரைக்குச் சற்று மேல். கொள்ளில் ஏறக்குறைய 9. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. எலும்பு வளர்ந்து இறுகும் இவ்வயதில் அது கூடுதல் இலாபம். தானியங்களின் உமியடித் தோலில் ஃபைட்டேட் என்ற பொருள் இருந்து இரும்பைத் தடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கூழைப் புளிக்க வைப்பதாலும், பயற்றை முளைகட்டுவதாலும் அத்தடை குறைகிறது. நம் பாட்டிமார் முதல்நாளே கரைத்துப் புளிக்க வைத்த கம்பங்கூழுக்கு இப்படியொரு வேதியியல் உண்டென்று அவர்கள் அறிந்திலர், சுவைக்காகச் செய்தனர். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பும் சிறிது குழம்பில் இறங்குகிறது. அலுமினியமும் எஃகும் வந்து அச்சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டன. முருங்கைக்கீரையைப் பற்றிச் சிலர் மிகையாகப் பேசுவர். 100 கிராமில் நான்கரை மில்லிகிராம் இரும்பு, நல்ல உணவே. ஆனால் ஒரு கைப்பிடி பொரியலில் உலகம் அடங்கிவிடாது. புலால் உண்போருக்கு மீனும் இறைச்சியும் ஈரலும் உதவும். அவற்றிலுள்ள இரும்பில் ஒரு பகுதி உடலுக்கு மிக எளிதாகச் சேரும் வடிவில் உள்ளது. உடன் உண்ணும் சோற்றின் இரும்பையும் அவை இழுத்து வருகின்றன.

இரும்பு ஒன்றே காரணம் என்று நினைத்துவிடலாகாது. இதற்குச் சென்னையோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்கள் கொடிய சோகையால் துன்புற்றனர். அவர்களின் செவ்வணுக்கள் இரும்புக் குறைவில் சிறுப்பதுபோல் சிறுக்காமல், இயல்பைவிடப் பெரிதாக இருந்தன. வில்ஸ் அம்மையார் 1929இல் குன்னூர்ப் பாஸ்டியர் நிலையத்திலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் கோஷா மருத்துவமனையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட்டுச் சாறான மார்மைட் என்ற மலிவான உணவுப் பொருள் அச்சோகையைத் தீர்த்தது. அதில் மறைந்திருந்த சத்தை 1941இல் பசலைக்கீரை இலைகளிலிருந்து பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். பசலை நோய்க்குப் பசலைக்கீரை என்றால் நான் சிலேடை செய்வதாக எண்ணாதீர்கள். இதுவன்றி வைட்டமின் பி12 குறைந்தாலும் சோகை உண்டாகும். பாலும் முட்டையும்கூடக் கொள்ளாத மரக்கறியாளர் அதனைக் கவனிக்கவேண்டும்.

கொக்கிப்புழுவும் ஒரு திருடன். வெறுங்காலின் வழியே புகுந்து குடலைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தைக் குடிக்கும். ஆல்ப்ஸ் மலையில் கோதார்டு சுரங்கம் வெட்டிய தொழிலாளர்களைச் சோகை வாட்டியபோது, அதற்கு இப்புழுவே காரணம் என்று 1880இல் கண்டனர். 2015 முதல் நம் பள்ளிகளில் ஆண்டுக்கு இருமுறை பூச்சி மாத்திரை கொடுக்கப்படுவது இதன்பொருட்டே.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதை வாங்கிச் சன்னல் வழியே எறியும் மாணவியர் உண்டென்பதை நான் அறிவேன். வயிற்றைப் புரட்டுகிறது என்பர். மலம் கறுத்துப் போகிறது என்று அஞ்சுவர். சேராத இரும்பு வெளியேறுவதால் கறுக்கிறது. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. உணவுக்குப்பின் விழுங்கினால் புரட்டலும் குறையும்.

பெற்றோரும் ஆசிரியரும் அறியவேண்டிய அடையாளம் ஒன்றுண்டு. இரும்பு குறைந்த பெண்கள் சிலர் சாம்பலையும் மண்ணையும் பல்பத்தையும் பச்சரிசியையும் ஒளித்துவைத்துத் தின்பர். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று பாட்டி மிரட்டுவாள். மழை பெய்யுமோ என்னவோ, இரத்தத்தைப் பரிசோதித்துவிடுவது நல்லது. ஈமோகுளோபின் 100 மில்லிலிட்டரில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. ஆனால் அவ்வெண் இறங்குவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே உடலின் சேமிப்பு வறண்டுவிடுகிறது. அது முதலில் தாக்கும் இடங்களுள் மூளையும் ஒன்று. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து உயர்நிலைப்பள்ளி மாணவியருள் சோகை இன்றி இரும்புச் சேமிப்பு மட்டும் குறைந்தவர்களைத் தேர்ந்து, ஒரு பாதியினருக்கு இரும்பும் மறுபாதியினருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தனர். 1996இல் வெளியான முடிவின்படி, இரும்பு உண்டவர்களே சொற்களைக் கற்று நினைவில் வைப்பதில் முந்தினர். வகுப்பில் கவனம் சிதறும் பெண்ணைச் சோம்பேறி என்று பட்டம் சூட்டுவதற்குமுன் ஆசிரியர்கள் அவளுடைய கண்ணிமையின் உட்புறத்தை ஒருமுறை பார்க்கலாம், அது சிவந்திருக்கவேண்டும்.

மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதித் தந்தால் சில வாரங்களிலேயே முகம் தெளியும். மூச்சு வாங்குவது நிற்கும். அன்றோடு பெரும்பாலோர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அப்போது நிரம்பியிருப்பது இரத்தம் மட்டுமே. ஈரலிலும் எலும்பு மச்சையிலும் உள்ள சேமிப்பு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கும். அது நிரம்ப மேலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை மாத்திரையைத் தொடரவேண்டும். தொடர்ந்தும் ஈமோகுளோபின் ஏறவில்லையானால், மாத்திரையைக் கூட்டாமல், சோகைக்கு வேறு காரணம் உண்டா என்று பார்க்கும்படி மருத்துவரையே கேட்கவேண்டும்.